நம்பிக்கை கூலியா, முதலா?

போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வந்த ஏழை இளைஞனுக்குத் தொழில் தொடங்க உதவலாமா? உதவலாம் என்றே எல்லோரும் சொல்வோம். "முதலில் அவன் திருந்தியதை மெய்ப்பிக்கட்டும்" என்றும் உடனே சேர்த்துக்கொள்வோம். தொழிலின்றி அவன் அதை எவ்வாறு மெய்ப்பிப்பான்? நம்பிக்கை என்பது நன்னடத்தைக்குப் பின் தரப்படும் கூலியா, நன்னடத்தை தொடங்குவதற்கே வேண்டிய முதலா?

தில்லியில் எங்கள் அரசுக் குடியிருப்பின் வாயிலில், வேப்பமரத்தடியில், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் இஸ்திரி மேசை போட்டான். அருகிலுள்ள குடிசைப் பகுதியைச் சேர்ந்தவன். 'ஸ்மாக்' பழக்கத்தில் ஈராண்டைத் தொலைத்துச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவன். சாலையோர வணிகர்க்கென 2020இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதித் திட்டத்தில், ஈடு ஏதுமின்றி 10,000 ரூபாய் கடன் பெற்றிருந்தான். முதற்கடனை ஒழுங்காக அடைத்தால் அடுத்த கடன் பெருகும் என்பது அத்திட்டத்தின் ஏற்பாடு. அளந்து கொடுத்து, அளவை வளர்க்கும் நம்பிக்கை அது.

அரசாங்கம் முதலைத் தந்தது. துணியைத் தர வேண்டியவர்கள் நாம் அல்லவா? பட்டுப் புடவையை விற்றுவிடுவானோ என்று அஞ்சினோம். என் வீட்டிலிருந்தும் பழைய சட்டைகளே சென்றன. அவை எண்ணிக்கை குறையாமல் திரும்பின. ஆயினும் பட்டு, பெட்டியை விட்டு வெளிவரவில்லை. மூன்றாம் மாதம் மேசையைக் காணோம். மீண்டும் வழுக்கி விழுந்தானா, வருவாய் போதாமல் வெளியேறினானா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

நம் அச்சம் முற்றும் பொய்யன்று. சிகிச்சைக்குப் பின்னரும் இப்பழக்கம் திரும்பக்கூடும். கையில் சேரும் ரொக்கமே சிலருக்குச் சோதனையாகும். ஆகவே ரொக்கத்திற்குப் பதில் கருவியாகத் தரலாம். மருத்துவரின் கண்காணிப்பும் தொடர வேண்டும். 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், ஆராயாது நம்புவதைக் கடிந்தார். நம்பியபின் ஐயுறுவதையும் அதே அளவு கடிந்தார். நாம் முன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1971இல் தோன்றிய டிலான்சி ஸ்ட்ரீட் என்னும் அமைப்பில், போதையிலும் சிறையிலும் ஆண்டுகளை இழந்தவர்களே வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் தொழிலை நடத்துகின்றனர். மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றுபவனிடம் எதை ஒப்படைக்கிறோம் என்பது தெரியும். அந்நகரத்தார் குடும்பத்தின் உடைமை முழுவதையும் அவர்களிடம் ஒப்படைக்கின்றனர்.

நாமும் ஒரு நாள் மொழி தெரியாத ஊரில் பெட்டியுடன் வந்து இறங்கியவர்கள்தாம். முதற்சம்பளம் வருமுன்னரே மளிகைக்கடைக்காரர் நமக்குக் கடனாக அரிசி அளந்தார். நம் நேர்மைக்கு அவர் கண்ட சான்று எதுவுமில்லை. முதலாகப் பெற்ற நம்பிக்கையைப் பிறர்க்குக் கூலியாக மட்டுமே தருவேன் என்பது நியாயமாகுமா?