பச்சை உடம்பும் பார்க்க வருவோரும்

"அல்லாஹ் தந்த நிஃமத்தை மடியில் வைத்துக்கொண்டு அழலாமா?" என்னும் அதட்டல் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. பிள்ளை பெற்று நான்கைந்து நாளே ஆன இளம்பெண், காரணம் சொல்லத் தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி விம்முகிறாள். ஆறுதல் சொல்ல வேண்டிய பெரியவள் அதனை நன்றிகேடு எனக் கொள்கிறாள். அதட்டல் கேட்ட பெண்ணோ, அதன்பின் ஆளில்லாத வேளை பார்த்து அழப் பழகிக்கொள்கிறாள். களைப்பும் கண்ணீரும் நன்றி மறந்ததற்கு அடையாளங்கள்தாமா என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் உடலின் செய்தியைப் பார்ப்போம். கருவுற்றிருந்த காலமெல்லாம் உயர்ந்து நின்ற சில சுரப்புநீர்கள், நஞ்சு வெளியேறியதும் மளமளவெனக் குறைந்துவிடுகின்றன. அவ்வேளையிற்றான் உறக்கமும் பறிபோகிறது. பச்சிளங்குழவி ஒரு நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் உறங்கும் என்பது உண்மையே. ஆயின் அவ்வுறக்கம் துண்டு துண்டானது. இரவு எது, பகல் எது என்னும் வேறுபாடு அதற்குப் புலப்பட இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். அதன் இரைப்பை சிறிது. தாய்ப்பாலோ விரைவிற் செரிப்பது. ஆகவே ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் கேட்கும். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சிறிது குறைவதும், இரண்டு வாரத்திற்குள் அது மீள்வதும் இயல்பேயாகும். அதை அறியாத வீட்டில் "உனக்குப் பால் போதவில்லை" என்ற பழியும் அவள் தலைமீதே விழுகிறது. ஐந்தாம் நாளில் அவள் அழாதிருந்தாலன்றோ வியப்பு!

திருமறையின் 19-ஆவது அத்தியாயம் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைப் பேசுகிறது. வேதனை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்த்தது. இதற்கு முன்னரே தாம் மாண்டு, மறக்கப்பட்டும் போயிருக்கலாகாதா என அவர்கள் வாய்விட்டுப் புலம்பினார்கள். அத்துயரில் ஊரார் பழிச்சொல்லைக் குறித்த அச்சமும் கலந்திருந்தது மெய்யே. எனினும் மடியில் மாபெரும் அருட்கொடையைப் பெறவிருந்தவர் சொன்ன சொல் அது. அதற்கு மறுமொழியாகக் கண்டனம் வரவில்லை. கவலை வேண்டாம் என்ற தேறுதல் முதலில் வந்தது. காலடியில் நீரோடை வந்தது; கனிந்த பழம் உதிர்ந்தது; உண்ணவும் பருகவும் கண்குளிரவும் சொல்லப்பட்டது. எதிர்ப்படும் மனிதர் எவருடனும் அன்றைய நாளில் பேசாதிருக்கும் நோன்பும் அருளப்பட்டது. அந்த இறுதிச் சலுகையை நாம் எத்தனை முறை ஓதிக் கடந்திருக்கிறோம்! பிள்ளை பெற்றவளுக்கு, வந்தோர் போவோர்க்கெல்லாம் விடை சொல்லும் கடமையில்லை என்பதை அதிலிருந்து நாம் கற்றதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் எண்ணுக. நிஃபாஸுடைய நாட்களில் அவள்மீது தொழுகை இல்லை; விடுபட்ட தொழுகையைப் பின்னர் நிறைவேற்றவும் வேண்டியதில்லை. இந்நாட்களின் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40, ஷாஃபியீ மத்ஹபில் 60 என்பர். படைத்தவன் தன் கடமையையே தள்ளிவைத்திருக்கிறான். நாமோ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து அமர்ந்து, நாற்பது பேருக்கு முகமலர்ச்சி காட்டும் கடமையை அவள்மீது ஏற்றுகிறோம். வருவோர் அன்பினால்தான் வருகின்றனர், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் குழந்தையின் மூக்கு யாரைப் போன்றது என ஆராய்ந்து, நிறத்தை நிறுத்துப் பார்த்து, சர்பத் அருந்தி, அடுத்த பிள்ளைக்கும் ஆசி கூறி எழுவதற்குள், அவள் கண்ணயரக் கிடைத்த ஒரே பொழுதும் கழிந்துவிடுகிறது. தொழுகையை நீட்டும் எண்ணத்துடன் நின்ற பெருமானார் (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணி அதனைச் சுருக்கிவிடுவார்கள் என்பது நாமறிந்த ஹதீஸ். நம் வருகைகள் தொழுகையினும் நீண்டவையாக இருக்கின்றன.

முன்னோர் வழக்கமெல்லாம் பிழையென்று சொல்ல வரவில்லை. நாற்பது நாள் அவளை அடுப்பங்கரைக்கு விடாத ஏற்பாட்டில் பெரிய அறிவு இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் மணமான பின்னும் தாய்வீட்டிலேயே வாழ்ந்து வந்ததால், பேறுகாலத்தில் உம்மாவின் கை எட்டும் தொலைவிலேயே இருந்தது. பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் மணத்த அந்த அறையில், பிள்ளையை வாங்கிக்கொள்ள நான்கு மடிகள் இருந்தன. ஆனால் அதே அறையில்தான், சீம்பால் ஆகாதென்று பிழிந்து கொட்டப்பட்டதும், பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று செம்பு மறைத்து வைக்கப்பட்டதும் நிகழ்ந்தன. பால் கொடுப்பவளுக்குத் தாகம் மிகும். மரத்தடியில் ஓடையையே அருளிய வரலாற்றை ஓதும் வீட்டில், ஒரு குவளை நீருக்கு மாமியின் முகம் பார்க்க நேர்ந்தது!

இப்பொழுது அந்த நான்கு மடிகளும் அருகில் இல்லாத இல்லங்கள் பல. சென்னையின் அடுக்ககத்தில் கணவனும் மனைவியுமாக இருவரே இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கின்றனர். அலுவல் பார்க்கும் பெண்ணுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 12 வார விடுப்பு, 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. வீட்டுப் பெண்ணுக்கு விடுப்பளிக்க வேண்டியவர் யார்? பெருமானார் (ஸல்) இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, ஈரத்துணி மாற்றுவது ஆண்மைக்கு இழுக்கு என்று எந்நூலிலிருந்து கற்றோமோ தெரியவில்லை. தாயின் காலடியில் சுவர்க்கம் உண்டென்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கால்கள் இரவு மூன்று மணிக்குத் தொட்டிலுக்கும் பாய்க்குமாக நடப்பதைப் போர்வைக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதல் வாரத்துக் கண்ணீர் பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தானே வற்றிவிடும். வற்றாமல் நீண்டாலோ, பிள்ளையை ஏறிட்டுப் பார்க்கவும் மனமற்றுப் போனாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினாலோ, அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற மகளிரில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மனநலக் கேட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். வளரும் நாடுகளில் இது 20 விழுக்காட்டை நெருங்குகிறது. அதற்கு மருத்துவமும் உண்டு. ஜின் கோளாறு என்று தாயத்துக் கட்டியும், ஈமான் குறைந்தவள் என்று ஏசியும் நாட்களைக் கடத்தும் வீட்டில், அந்நோய் உயிரையும் கொள்ளக்கூடும். தற்கொலை எண்ணம் பேச்சில் வெளிப்பட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்க. அவளைத் தனியே விடற்க.

கடல் கடந்து உழைக்கும் தகப்பன்மார், பிறந்த பிள்ளையைக் கைப்பேசித் திரையில்தான் முதன்முதல் காண்கின்றனர். பிள்ளையின் முகத்தைக் காட்டச் சொல்லிவிட்டு, அதைத் தூக்கிப் பிடித்திருப்பவளிடம் "நீ உறங்கினாயா?" என்று கேட்கவும் அவர்களுக்கு நேரம் இருக்கத்தான் செய்கிறது. முடி இறக்கும் விருந்துக்கென அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, கைவேலைக்கு ஒரு பெண்ணை நாற்பது நாளுக்கு அமர்த்தச் சொன்னால், அகீகாவின் இறைச்சியில் எதுவும் குறைந்துவிடாது.