ஆளுக்கு மூன்று தட்டு

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையில் என் தாய்மாமனுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில், அது செக்கச்செவேலென்று பழுத்து நின்றது, கேட்க நாதியில்லை. கல்யாணமில்லை, ஓட்டலில்லை, சந்தையில் ஆளில்லை. ஆனாலும் ஒரு நாள் லாரி வந்தது. கண்ணாடியில் பாஸ் ஒட்டியிருந்தது. தக்காளி அத்தியாவசியப் பொருள், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகலாம். மாமாவின் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பதும் கிருஷ்ணகிரிப் பக்கம்தான். அந்த மாதம்தான் அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மாமா தன் பெட்டிகளை ஏற்றிவிட்டு, லாரி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்து நின்றாராம். அன்றிரவு போனில் சொன்னார்: "தக்காளிக்குப் பாஸ் குட்த்தாங்க மாப்ள. தாத்தாவுக்கு இல்லியாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தை என்னை நைனாவின் வேலையில் கொண்டுபோய் விட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோலார் தங்கவயலில் பல வீடுகளில் அப்படித்தான். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மணி அடிக்கிறவராக இருந்தவர். சொல்லும்போது கோயில் வேலை மாதிரி இருக்கும். கிடையாது. சுரங்கத்தின் கூண்டை, எங்கள் வாயில் 'கேஜ்', மேலே ஏற்றி இறக்குவது தரைமட்டத்தில் ஒரு பெரிய எஞ்சின். அதை ஓட்டுகிறவருக்குக் கூண்டு தெரியாது, ஆள் தெரியாது, எதுவும் தெரியாது. கம்பி வடம் சுற்றுகிற உருளையும், ஆழம் காட்டும் முள்ளும், ஒரு மணியும்தான் அவர் உலகம். ஆயிரக்கணக்கான அடி கீழே கூண்டு வாசலில் நிற்பவர் மணியைத் தட்டுவார். தட்டின் எண்ணிக்கைதான் பாஷை. ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு. மூன்று தட்டினால் ஆள் ஏறப்போகிறார் என்று அர்த்தம்.

கல்லுக்கும் ஆளுக்கும் ஒரே கூண்டு, ஒரே வடம். ஆனால் ஓட்டம் வேறு. மூன்று கேட்டால் எஞ்சின்காரர் கை மாறும், வேகம் இறங்கும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கீழிருந்து வந்த தட்டை மேலேயிருந்து அப்படியே திருப்பித் தட்டவேண்டும். மூன்றுக்கு மூன்று. அந்தப் பதில் வராமல் ஒருவரும் கூண்டில் கால் வைக்கமாட்டார்கள். "மேல இருக்கிறவன் கெட்டிக்காரனா இல்லியான்னு நமக்கு என்னா தெரியும்? திருப்பி அடிச்சானா, அவ்ளோதான்" என்பார் நைனா. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போன சுரங்கங்கள் அவை. பாறை தொட்டால் சுடும். எந்த நேரத்தில் வெடித்துச் சிதறும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு மனிதன் இன்னொருவனை நம்புவதற்கு அந்த மூன்று சத்தம்தான் இருந்தது.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் என்றார். நாலு மணி நேரம் இருந்தது. பேச்சு இந்தியில். எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கும். ஆனாலும் அன்றிரவு இந்தி தெரிந்த பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து எல்லாருக்கும் விளக்கவேண்டியிருந்தது. நைனா கேட்டுவிட்டு, "லாக்கவுட்டா?" என்றார். லாக்டவுன் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று படுக்கப் போய்விட்டார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது வேலை போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். மூடுவது பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊரைத் தூக்கி நிறுத்தியது ரயில். மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன்னால் கிளம்பும் வண்டி. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை என்று நின்று நின்று நிரம்பி, பெங்களூரில் போய்க் கொட்டும். செக்யூரிட்டி, துணிக்கடைப் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், பிளம்பர்கள், கணினி கம்பெனியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், எல்லாருக்கும் ஒரே மாதப் பாஸ். சீட்டாட்டம் அதில்தான், சீட்டுப் பிடிப்பதும் அதில்தான், சில காதல்களும். அந்த வண்டி அதற்கு முன்பே, மார்ச் 22 ஒருநாள் சுய ஊரடங்கோடு நின்றது. சரக்கு வண்டிகள் ஓடின. பங்காருப்பேட்டை சந்திப்பில் இரவெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அரிசியும் நிலக்கரியும் போகத்தான் வேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. மே மாதம் ஆலைகளையும் அலுவலகங்களையும் திறக்க அனுமதித்தார்கள், எங்கள் வண்டி வரவில்லை. வேலை திறந்துவிட்டது, வேலைக்குப் போகிற வழி திறக்கவில்லை. கார் வைத்திருந்தவர்கள் பாஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்கூட்டரில் நூறு கிலோமீட்டர் போனவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்தது: நாளைக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூட்டியதே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. மே தொடக்கத்தில் கோலார் மாவட்டம் பச்சை மண்டலப் பட்டியலில் இருந்தது. அதற்கு அந்தப் பூட்டுக்கும் பங்குண்டு. எஞ்சின்காரர் கூண்டை நிறுத்தியதற்காக ஒருவரும் அவரைத் திட்டியதில்லை. நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்துவதுதான் அவர் வேலை.

திட்டு எப்போது வந்தது என்று பார்க்கிறேன். மே 1 முதல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. பெங்களூரில் கட்டிடம் கட்டிக்கொண்டிருந்த பீகார், உத்தரப் பிரதேச, ஒடிசா ஆட்கள் மூட்டை கட்டினார்கள். மே 5 அன்று அப்போதைய கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்துப் பேசினார். வேலைகள் தொடங்கப்போகின்றன, தொழிலாளர்கள் போய்விட்டால் என்ன செய்வது என்ற பேச்சு. அன்றே அரசிடமிருந்து ரயில்வேக்குக் கடிதம் போனது, மறுநாள் முதல் அந்த ரயில்கள் வேண்டாம் என்று. நாடு முழுக்கக் கொந்தளித்தது. எதிர்க்கட்சிகள், தொழிற்சங்கங்கள், பத்திரிகைகள் எல்லாம் ஒரே குரலில் கேட்டன: இவர்கள் குடிமக்களா, சாமான்களா? ஓரிரு நாளில் அரசு இறங்கிவந்து ரயில்களை மறுபடி விடச் சொன்னது.

இறங்கிவந்தது நல்லதுதான். தவறைத் திருத்தும் அரசு, திருத்தாத அரசைவிட மேல். ஆனால் அந்தக் கடிதத்தின் உள்ளே இருந்த கணக்கு என்னை விடவில்லை. அந்தச் சந்திப்பில் கட்டுமானக்காரர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். யாருடைய பயணத்தைப் பற்றிப் பேச்சோ அவர்களில் ஒருவரும் மேசையைச் சுற்றி இல்லை. கீழிருந்து மூன்று தட்டு வந்துகொண்டேயிருந்தது. மேலே கல்லுக்கான கணக்கில் வடம் சுற்றியது. அதே எடியூரப்பா ஏப்ரல் தொடக்கத்தில் தன் ஓராண்டுச் சம்பளத்தை நிவாரண நிதிக்குக் கொடுத்தவர். மே 6 அன்று முடிதிருத்துவோருக்கும் சலவைத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் அறிவித்தவரும் அவர்தான். ஈரமில்லாத மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கொடுக்கிற கை இருந்தது, காதுதான் எட்டவில்லை.

அந்த நாட்களில் 'நியாயம்' என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது பெரும்பாலும் வேறொன்றைப் பற்றி. ஏப்ரல் 17 அன்று ராமநகரப் பண்ணை வீட்டில் முன்னாள் முதல்வர் குமாரசாமியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. படங்களில் முகக்கவசமில்லாத முகங்கள். எளிமையாகத்தான் நடந்தது, இதைப் பேசவேண்டியதில்லை என்றார் எடியூரப்பா. எங்கள் தெருவில் அந்த மாதம் இரண்டு கல்யாணம் தள்ளிப்போனது, பேசாமல் இருக்க முடியுமா? நியூசிலாந்தில் சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க் ஊரடங்கில் குடும்பத்தோடு கடற்கரைக்குக் காரோட்டிப் போனார் என்று அமைச்சரவை வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டார். பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் தன் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஆறு மாதத்துக்கு விட்டுக்கொடுத்தார். இங்கிலாந்தில் போரிஸ் ஜான்சன், தானே விதித்த தடையின்போது தன் அலுவலகத்தில் நடந்த கொண்டாட்டத்துக்காக 2022இல் அபராதம் கட்டினார். விதி போட்டவன் விதிக்குள் நிற்கிறானா என்ற கேள்வி உலகம் முழுக்க ஒன்றாகத்தான் எழுந்தது.

வெகு நாள் எனக்கும் அதுதான் கேள்வி. நாம் பட்டினி கிடந்தால் அவர்களும் கிடக்கவேண்டும், அதுதான் சமம் என்று நினைத்திருந்தேன். நைனாவிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் பொங்கியபோது அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "எஞ்சின்காரன் வந்து எங்கூட குழில குந்திக்கினா எனக்கு என்னாடா லாபம்? அப்புறம் என்னெ மேல தூக்கறது யாரு?"

அதைக் கேட்டபோது மாமாவின் ஊர்க்கதை ஒன்று நினைவுக்கு வந்தது. பூதிகோட்டை ஒரு பெரிய மனிதர் பிறந்த ஊர். பூதி என்றால் சாம்பல், திருநீறு. வடமொழியில் விபூதிபுரம் என்பார்கள். பாறைக்குன்றும் இடிந்த கோட்டையுமாக இருக்கும் அந்தச் சிற்றூரில்தான் ஹைதர் அலி பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாமலே மைசூரை ஆண்டவர். அவர் படையில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த சம்பவம் ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் ஹைதர் உலாப் போகும்போது ஒரு கிழவி காலில் விழுந்து நியாயம் கேட்டாள். ஆகா முகமது என்ற அதிகாரி தன் மகளைத் தூக்கிப்போய்விட்டான், மனு கொடுத்தும் பதிலே இல்லை என்றாள். ஹைதர் விசாரித்தார். மகளைத் தூக்கியவனுக்கு மரணதண்டனை. அதற்கு முன்னால், அந்த மனுவைத் தன்னிடம் சேர்க்காமல் அமுக்கிவைத்த வாயில்காப்போர் தலைவனுக்கு இருநூறு சவுக்கடி.

தலை வாங்கும் நீதியெல்லாம் நமக்கு வேண்டாம், சவுக்கடியும் வேண்டாம். ஹைதர் கொடுங்கோலர் என்று சொல்லச் சான்றுகளும் நிறைய. எனக்குப் பிடிபட்டது அவர் குற்றங்களை எண்ணிய விதம். தூக்கிப்போனது ஒரு குற்றம். கீழிருந்து வந்த சத்தம் மேலே எட்டாமல் நடுவில் நின்றது இன்னொரு தனிக் குற்றம். எழுத்துத் தெரியாத மனிதருக்குக் காதுதான் கஜானா. அது அடைபட்டால் ராஜ்ஜியமே இருட்டு என்று தெரிந்திருந்தது.

தாத்தாவுக்குப் பாஸ் இல்லை என்ற என் மாமாவுக்கும் அதுதான் வலித்திருக்கிறது என்று இப்போது படுகிறது. பேரனைப் பார்க்க முடியாததை அவர் பொறுத்துக்கொண்டார், நோய்க்காலம் என்று அவருக்கும் தெரியும். பஞ்சாயத்து ஆபீசில் மூன்று தடவை போய்க் கேட்டாராம். முடியாது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லையாம். முடியாது என்பதும் ஒரு பதில்தான். மேலே ஒருவன் விழித்திருக்கிறான் என்று அது சொல்லும். பதிலே வராத மனிதனுக்குத் தான் ஆளா, பெட்டியா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. பசியை ஆற்றலாம், இதை ஆற்றுவது கடினம்.

அதே 2020 டிசம்பர் 12 அன்று எங்கள் மாவட்டத்து நரசாபுரத்தில், அப்போது ஐபோன் பூட்டிக்கொண்டிருந்த விஸ்ட்ரான் ஆலையில், சம்பளம் சரியாக வரவில்லை என்று குமுறிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் கண்ணாடிகளை உடைத்தார்கள், கார்களைக் கவிழ்த்தார்கள். ஊதியத்திலும் வேலை நேரத்திலும் குளறுபடிகள் இருந்ததைத் தொழிலாளர் துறையின் விசாரணை பிறகு சொன்னது. உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த விசாரணை உடைவதற்கு முன்னால் ஏன் வரவில்லை என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. மணி பழுதாகிவிட்டால் கீழே இருப்பவன் கையில் கிடைத்ததை எடுத்துக் குழாயில் அடிப்பான்.

2021 மே. இரண்டாம் அலை. படுக்கை கிடைக்காமல் எல்லாரும் அலைந்தபோது, சுரங்கத்தோடு இருபது வருடம் முன்னால் மூடப்பட்ட, சுரங்கக் கம்பெனியான பி.ஜி.எம்.எல்.லின் பழைய ஆஸ்பத்திரி ஊருக்கு நினைவு வந்தது. ஒருகாலத்தில் அதில் 800 படுக்கைகள். எங்கள் ஊரில் பாதிப்பேர் பிறந்த இடம். அன்றைய எம்.பி. முனிசாமி முன்நிற்க, இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு புதரை வெட்டி, வௌவால் எச்சத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம்போல் உழைத்து அதைக் கொரோனா ஆஸ்பத்திரியாக்கினார்கள். கட்சிக்காரர், கட்சியில்லாதவர் எல்லாரும் துடைப்பம் பிடித்தார்கள். அந்த இரண்டு வாரம் எங்கள் தெருவில் அரசைத் திட்டுகிற பேச்சே குறைந்துபோனது. கேட்டதற்கு ஏதோ ஒரு பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

அந்த மே மாதத்தில்தான் நைனாவுக்கும் வந்தது. லேசாகத்தான், வீட்டிலேயே தனிமை போதும் என்றார் டாக்டர். தனிமை என்பது எத்தனை பெரிய வீட்டுக்காரர்களின் சொல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களுடையது லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி மூலை, முன்னால் தாழ்வாரம். அறையை அவருக்கு விட்டுவிட்டு நாங்கள் நாலு பேர் தாழ்வாரத்தில் படுத்தோம். நடுவில் தகரக் கதவு. இருமலில் குரல் எழும்பவில்லை அவருக்கு. இரண்டாம் நாள் கதவைத் தட்ட ஆரம்பித்தார். ஒன்று என்றால் தண்ணீர், இரண்டு என்றால் கஞ்சி. நாங்களே பழகிக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் இரவு, எத்தனை மணி என்று தெரியாது, மூன்று தட்டு கேட்டது. அதற்கு நாங்கள் ஒன்றும் பேசிவைத்திருக்கவில்லை. நான் எழுந்து வெந்நீர் வைக்கப் போனேன். மறுபடி மூன்று. அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இருட்டில் தடவி ஒரு கரண்டியை எடுத்து, கதவோரம் குனிந்து, தகரத்தில் மெல்ல மூன்று தடவை தட்டினாள்.

உள்ளே சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.