பால் வற்றிய பசுவும் தோற்கன்றும்



பெரிய நம்பிகள் மகிழமரத்தடியில் உடையவருக்குப் பஞ்சஸம்ஸ்காரம் செய்தருளிய மதுராந்தகத்திற்கு வடக்கே, கரும்பாலையால் அறியப்படும் ஊர் படாளம். அங்கே நமக்குள்ள சிறு நிலத்தில் 17 வயதான ஒரு பசு இருக்கிறது. பால் வற்றி நான்கு ஆண்டுகளாகின்றன.

பசுவுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையா. கீழ்ப்பற்கள் எட்டும் தேய்ந்துவிட்டால் புல்லைக் கடித்து அறுக்க வழியில்லை. வைக்கோலை முழுதாகப் போட்டால் நெடுநேரம் மென்று சக்கையாக வெளியே தள்ளிவிடுகிறது. ஆகையால் பொடியாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, தவிட்டோடு பிசைந்து வைக்கிறோம். கரும்புத் தோகைக்குப் பஞ்சமில்லாத ஊர். அதிலும் இளங்கொழுந்தைத்தான் தின்கிறது. ஒரே பக்கமாகக் கிடந்தால் கால் மரத்துப் புண் வருமாதலால், இரவில் ஒருமுறை எழுந்து சென்று புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

சென்ற மார்கழிக் கடைசியில் ஒரு தரகர் வந்து விலை கேட்டார். வங்கியில் நெடுங்காலம் இருந்த நமக்கு, வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்குவது பழகின காரியம். எங்கே கொண்டுபோவீர் என்றோம். சந்தைக்கு என்றார். அதற்குப் பிறகு எங்கே என்று நாம் கேட்கவில்லை. கேளாமல் விட்டது தெரிந்தே செய்தது. முன்பணமும் பெற்றுக்கொண்டோம்.

மறுநாள் விடியற்காலையில் திருப்பாவையின் சாற்றுப்பாசுர வியாக்கியானத்தை ஸேவித்தோம். குடங்குடமாகப் பால் சொரியும் பசுக்களைக் கொண்டாடும் மூன்றாம் பாசுரமே நமக்கு எப்போதும் உகப்பு. கொடுக்கிற பசுவை யார்தான் கொண்டாடார்? ஆனால் அன்று நம்மை நிறுத்தியது இறுதிப் பாசுரத்தில் பராசர பட்டர் அருளிச்செய்த நிர்வாஹம். கன்றை இழந்த இளம்பசு, வைக்கோல் திணித்த தோற்கன்றைக் காட்டினாலும் இரங்கிப் பால் சுரக்கும். அவ்வண்ணமே, ஆண்டாளுக்கு இருந்த பரிவு நம்மிடம் துளியும் இல்லாவிடினும், அவள் பாசுரத்தை வாயால் சொல்லி நிற்கும் நமக்கும் எம்பெருமான் இரங்குவான் என்பது கருத்து.

பல ஆண்டுகளாகக் கேட்ட த்ருஷ்டாந்தந்தான். அதில் நாம் யார் என்று அன்றுதான் உறைத்தது. பசுவின் ஸ்தாநத்தில் எம்பெருமான் நிற்கிறான். நாம் வைக்கோல் அடைத்த தோல். உயிரில்லாத அத்தோல், கொல்லையில் நிற்கும் பசுவுக்கு வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தது! அவன் நம்மிடம் வரவு பார்த்திருந்தால் என்றைக்கோ நம் பெயரை அடித்திருக்க வேண்டுமே. 28ஆம் பாசுரத்தில் ஆய்ச்சியர் தங்களிடம் கைம்முதல் ஒன்றுமில்லை என்று விண்ணப்பிப்பதாகப் பூர்வாசார்யர்கள் காட்டியதை நாமும் மேடையில் எடுத்துச் சொன்னதுண்டு. சொல்லியது வேறு, இருந்தது வேறு.

மாட்டை வைத்தே பிழைக்கும் குடியானவர் விற்றால் அவரை நாம் குறைசொல்லோம். வைக்கோலின் விலை அவருக்கு வயிற்றோடு சேர்ந்தது. மாதந்தோறும் ஓய்வூதியம் வாங்கும் நமக்கு அந்த நியாயம் செல்லாது.

தரகர் வந்தபோது முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கோபிப்பார் என்று அஞ்சியிருந்தோம், அவர் கோபிக்கவில்லை. தொழுவத்தை எட்டிப்பார்த்து, “எழுப்பும்போது கொம்பைப் பிடித்து இழுக்காதீங்க ஐயா. மாடு பின்னங்காலைத்தான் முதல்ல ஊன்றும், இடுப்பைத் தாங்கிக் கொடுங்க, அதுவே எழுந்துக்கும்” என்று சொல்லிப் போனார். அதுவரை நாம் கொம்பைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். இப்போது இடுப்பைத் தாங்குகிறோம், எழுந்துகொள்கிறது.