பிறர் பாட்டில் உறையும் ‘நான்’

ஒருவர் தம் உயிரோடு ஒட்டிய பாட்டை இன்னொருவருக்குப் பாடிக்காட்டும்போது உண்மையில் எது கைமாறுகிறது என்பது, எளிதாகத் தோன்றினாலும், சமயமும் மெய்யியலும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவந்த கேள்விகளுள் ஒன்று. சொல்லும் பண்ணும் கைமாறுகின்றன என்பதில் ஐயமில்லை; ஆனால் அப்பாட்டை அவருக்கே உரியதாக்கிய தாயின் குரலோ, ஒரு சாவு வீட்டின் விடியற்பொழுதோ அவற்றோடு சேர்ந்து போவதில்லை. பொருள் முழுவதும் பாட்டிலேயே இருக்கிறது என்றால் கேட்ட அனைவரும் ஒன்றுபோல உருக வேண்டும். கேட்பவரின் வாழ்விலேயே இருக்கிறது என்றால் பாட்டைப் பகிர்வதே வீண்வேலையாகிவிடும். இரண்டும் உண்மையல்ல என்பதை, பிடித்த பாட்டைப் பாடிவிட்டு நண்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எவரும் அறிவர்.

இக்கேள்விக்கு மிகக் கண்டிப்பான விடை தந்தவர், 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் காஷ்மீரத்தில் வாழ்ந்த சைவ மெய்யியலாளர் அபிநவகுப்தர். பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு அவர் எழுதிய ‘அபிநவபாரதி’ என்னும் உரை, ரசம், அதாவது கலையைத் துய்க்கும்போது உள்ளத்தில் ஊறும் சுவை, தோன்றவிடாமல் தடுக்கும் இடையூறுகள் ஏழினை எண்ணுகிறது; அவற்றுள் ஒன்று, துய்ப்பவர் தம் சொந்த இன்பதுன்பங்களுக்கு வசப்பட்டுக் கிடப்பது. கலையில் வரும் உணர்ச்சி இன்னாருடையது என்னும் அடையாளத்தை உதிர்த்துவிட்டுப் பொதுவாகிவிடுகிறது என்று அவருக்கு முன்பே பட்டநாயகர் கூறிய ‘சாதாரணீகரணம்’ என்னும் கருத்து இதற்கு அடித்தளம். இதன்படி, மறைந்த தந்தையை நினைவூட்டுகிறது என்பதற்காகவே ஒரு பாட்டில் கண்ணீர் விடுபவர் பாட்டைச் சுவைக்கவில்லை; தம் துயரத்துக்கு அதைச் சாக்காக்கிக்கொண்டார். கடுமையான தீர்ப்புதான், ஆயினும், நினைவில் அமிழ்ந்துபோனவரின் காதில் பாட்டின் அடுத்த அடி விழுவதில்லை என்னும் அளவில் அதை மறுக்க இயலாது.

ஆனால் அதே அபிநவகுப்தர் எடுத்துக்காட்டாகக் கையாளும் ஒரு காட்சி அத்தீர்ப்பை நெகிழ்விக்கிறது. காளிதாசரின் சாகுந்தலத்தில், ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில், அந்தப்புரத்திலிருந்து ஹம்ஸபதிகை பாடும் பாட்டைக் கேட்ட துஷ்யந்தன், தான் பிரிந்திருப்பவர் எவரும் இல்லாதபோதும் நெஞ்சம் ஏன் இப்படி ஏங்குகிறது என்று திகைத்து, முற்பிறவி அன்புகள் உள்ளத்தின் அடியில் தங்கியிருக்கக்கூடும் என்று எண்ணுகிறான். சாபத்தால் அவன் சகுந்தலையை மறந்திருக்கிறான் என்பது நாடகம் காண்பவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பூவை எடுத்த பின்னும் கூடையில் தங்கும் மணம்போல, பட்டறிவு உள்ளத்தில் விட்டுச்செல்லும் படிவை இந்திய மெய்யியல் ‘வாசனை’ என்கிறது. தொடக்கமற்ற வாசனைகள் எல்லா உள்ளங்களிலும் படிந்திருப்பதாலேயே ஒரே கலை பலருடைய நெஞ்சையும் ஒத்திசைய வைக்கிறது என்பது அபிநவகுப்தரின் கொள்கை. அப்படியானால், தன்னை மறந்து துய்க்க வேண்டும் என்ற கோட்பாடும், கேட்பவருக்குள் முன்னமே ஏதோ கிடக்கிறது என்பதை ஏற்காமல் நிற்க முடிவதில்லை.

இந்த இடத்தில் பாரசீக நாட்டின் தூஸ் நகரத்தவரான இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) வேறு திசையிலிருந்து வந்து சேர்கிறார். ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் தம் பெருநூலில், சமா, அதாவது இறை நினைவுக்காகப் பாட்டுக் கேட்டல், பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதிய அவர், இறைவனின் சொல்லே திருக்குர்ஆன் என்பதில் அசையாத உறுதி கொண்டிருந்தும், அதன் ஓதலைவிடப் பாட்டு சிலரை மிகுதியாக உருக்குவது ஏன் என்று அஞ்சாமல் கேட்கிறார். அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, வாரிசுரிமையையும் மணவிலக்கையும் வகுக்கும் வசனங்கள் கேட்பவரின் அந்நேரத்து உள்ளநிலையோடு எப்போதும் பொருந்திவர வேண்டியதில்லை என்பது. பாடகரிடமோ வேறொன்றைப் பாடச் சொல்லலாம். கேட்பவரின் ‘ஹால்’, அதாவது அவரை அப்போது ஆட்கொண்டிருக்கும் உள்ளநிலை, பொருளை முடிவுசெய்கிறது. பக்தாதின் ஷிப்லீ என்னும் ஞானியைப் பற்றி சூஃபி நூல்கள் ஒரு நிகழ்ச்சி கூறுகின்றன: தெருவில் வெள்ளரிக்காய் பத்து ஒரு சிறுகாசுக்கு என்று ஒருவர் கூவி விற்க, அரபு மொழியில் வெள்ளரிக்கும் நல்லோருக்கும் ‘கியார்’ என்ற ஒரே சொல் இருப்பதால், நல்லோர் பத்துப் பேருக்கே இவ்வளவுதான் விலையென்றால் தீயோரின் கதி என்ன என்று அவர் அலறிவிட்டார். விற்றவர் அறியாத பொருள் அது; ஆனால் பொய்ப்பொருள் என்று அதைத் தள்ள எவருக்கும் மனம் வராது.

அதே நூலில், சமாவுக்கு மூன்று வேண்டும் என்று சூஃபி ஞானி ஜுனைத் கூறியதாகவும் கஸ்ஸாலி எடுத்துரைக்கிறார்: உரிய காலம், உரிய இடம், உரிய தோழர். மூன்றாவதே இங்கு முதன்மையானது. ஏனெனில் உள்ளம் ஒன்றாத ஒருவர் அருகில் இருந்தாலே பாட்டு கலைந்துவிடுகிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பிடித்த பாட்டைப் பெற்றுக்கொண்டவர் உருகாமல் இருப்பது பாட்டின் குறையுமன்று, அவர் நெஞ்சின் வறட்சியுமன்று; காலம் இன்னும் கூடவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. ஸ்ரீவைணவ மரபு சொல்லும் இராமாநுசர் வரலாற்றில் இதன் மறுபக்கம் தெரிகிறது. திருப்பாவையை ஓதியபடியே பிச்சைக்குச் சென்ற அவர், நப்பின்னையைக் கதவு திறக்க வேண்டும் பாசுரத்தை முடிக்கும் வேளையில் தம் ஆசான் பெரிய நம்பியின் மகள் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறக்க, மயங்கி விழுந்தார் என்பர். எத்தனையோ முறை ஓதிய பாட்டு, ஒரு கதவு திறந்த அந்தக் கணத்தில் அவருடையதாயிற்று.

இனி, பாட்டின் ‘நான்’ யார் என்பது எஞ்சுகிறது. திருமாலைப் பாடிய ஆழ்வார்களுள் ஒருவரான நம்மாழ்வார் ‘நான்’ என்று பாடும் பாசுரங்களைச் சேவிக்கும் (வைணவர் பாடுதல் என்னாது இவ்வாறே கூறுவர்) ஒவ்வொருவர் வாயிலும் அந்த ‘நான்’ அவரவரையே குறிக்கிறது. அதற்கு இடம் உண்டு. ஏனெனில், தம்மை வாயாகக் கொண்டு திருமாலே தன்னைப் பாடிக்கொண்டான் என்று ஆழ்வாரே பாட்டின் உடைமையைத் துறந்துவிடுகிறார். முதலில் பாடியவரே இருக்கையை விட்டு எழுந்துகொண்டதால், பின்வந்தவர் எவரும் அதில் அமர முடிகிறது. கைமாறுவது பொருளன்று, பொருள் வந்து அமர்வதற்கான அந்த வெற்றிடமே.

குருபரம்பரை நூல்களின்படி, வீரநாராயணபுரம் என்னும் இன்றைய காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த அடியார்கள் குடந்தைத் திருமாலான ஆராவமுதனைப் பற்றி நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களைச் சேவிக்க, அவை ஆயிரத்துள் பத்து என்று இறுதிப் பாசுரத்தால் அறிந்த வைணவ ஆசாரியர் நாதமுனிகள், எஞ்சியவற்றைக் கேட்டார். அவர்களுக்கு அந்தப் பத்து மட்டுமே தெரிந்திருந்தது. தேடிக்கொண்டு நம்மாழ்வாரின் ஊரான திருக்குருகூர் சென்ற அவருக்கு அங்கே கிடைத்தது நம்மாழ்வாரின் பாட்டன்று. அவர் பாட்டில் தோய்ந்த மதுரகவியாரின் ‘கண்ணிநுண் சிறுத்தாம்பு’. ஒரு கேட்பவர், தமக்கு உயிரான பாடல்களையும் அவற்றைப் பாடியவரையும் பற்றிச் சொன்ன பதினொரு பாசுரங்கள் அவை. அவற்றை நாதமுனிகள் 12,000 முறை ஓதிய பின்னரே ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் கிடைத்தன என்கிறது மரபு. ஆழ்வார்களின் பாடல்களிடையே திருமாலைப் பாடாது ஒரு மனிதரைப் பாடும் அந்தச் சிறுநூல், அந்த நாலாயிரத்தின் முதல் பகுதியான முதலாயிரத்தின் இறுதியில் இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது.