மின், நிம்

2015-ல் வந்த ‘பாகுபலி’யில் எண்ணெய்த் துணியைப் போர்த்திக் காலகேயர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொளுத்தினார்களே, அப்போது நாம் என்ன செய்தோம்? விசில்தான். அவர்கள் தலைவன் ராஜமாதாவைப் பற்றிப் பேசியது அசிங்கம், மறுக்கவில்லை. ஆனால் பேசியது ஒருத்தன். வெந்தது ஒரு ஜனம்.

அந்த ஜனத்துக்கு அரண்மனை கிடையாது, அடுப்பு கிடையாது, அம்மா கிடையாது. மொழி மட்டும் உண்டு. மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள்! அதில் ‘மின்’ என்றால் நான். திருப்பிப் போட்டால் ‘நிம்’, அதாவது நீ. (என்ன அழகு பாருங்கள்!) இலக்கணம் இருக்கிறது என்றால், பிள்ளையை மடியில் வைத்து யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமே? அந்த மடியைப் படம் காட்டாது. காட்டினால் விசில் நின்றுவிடும்.

எதிரியிடம் சிக்கிய சொந்த ஜனங்களைக் காப்பாற்றியதால்தான் பாகுபலிக்குச் சிம்மாசனம். நல்ல தீர்ப்புதான். அந்தப் பக்கத்து ஜனங்களைப் பற்றி ராஜமாதாவும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

1916-ல் சோம் போர்க்களத்தில் நின்றவர் டோல்கீன். அவருடைய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ இரண்டாம் பாகத்தில் (1954) எதிரி நாட்டு வீரன் ஒருவன் செத்து விழுகிறான். இவன் பேர் என்ன, எந்த ஊர், நிஜமாகவே கெட்டவன்தானா என்று தோட்டக்காரன் சாம் யோசிக்க ஆரம்பிக்கிறான். அதற்குள் பிரமாண்டமாக ஒரு யானை ஓடிவருகிறது. சாமின் கண் அதன் மேல் போய்விடுகிறது.