ஹோரை: ஒரு சொல்லின் பிறப்பிடம்

பஞ்சாங்கத்தில் ‘குரு ஹோரை’, ‘சுக்கிர ஹோரை’ என்ற குறிப்புகளைக் காண்கிறோம். ஒரு ஹோரை என்பது இரண்டரை நாழிகை, அதாவது ஒரு மணி நேரம். ஒரு நாளுக்கு 24 ஹோரைகள். தமிழில் இது ‘ஓரை’ என்றும் வழங்கும். இச்சொல் எங்கே பிறந்தது?

பகலும் இரவும் சேர்ந்தது ‘அஹோராத்ரம்’. அதன் முதலெழுத்தும் இறுதியெழுத்தும் மறைய, எஞ்சியதே ‘ஹோரா’ எனச் சிலர் கருதுவதாக, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராஹமிஹிரர் ‘பிருஹத் ஜாதக’த்தில் குறிப்பிடுகிறார். மொழிநூலாரின் முடிவோ வேறு. கிரேக்க மொழியில் ‘ஹோரா’ என்பது முதலில் பருவகாலத்தையும், பின்னர் நாளின் ஒரு பகுதியையும் குறித்தது. அதுவே ஜோதிடக் கலையுடன் பாரதம் வந்தது. ஆங்கிலத்தின் ‘ஹவர்’ என்ற சொல்லுக்கும் அதுவே மூலம்.

இதைக் கேட்கும்போது சிலரது மனம் வருந்துகிறது. நம்முடையது என்று போற்றி வந்தது பிறருடையது என்று தெரிந்தால், அதன் மதிப்புக் குறைந்துவிடாதா?

இதற்கான விடையும் வராஹமிஹிரரிடமே உள்ளது. யவனர்கள் மிலேச்சர்களாயினும் இந்தச் சாஸ்திரம் அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருப்பதால், அவர்களும் ரிஷிகளைப்போல் போற்றப்படுகின்றனர் என்று அவர் ‘பிருஹத் ஸம்ஹிதை’யில் கூறுகிறார். அந்நியரை விலக்கி வைத்த அதே சமுதாயத்தில் நின்றுகொண்டே, அவர்களது அறிவுக்கு அவர் தலைவணங்கினார். இன்று நாம் தொண்டு நிலையங்களுக்கு மனமுவந்து சூட்டும் ‘கேந்திரம்’ என்ற பெயரும் ‘கென்ட்ரான்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. அதனால் அங்கு நடைபெறும் தொண்டின் தூய்மை குறைந்துவிடவில்லை.

அப்படியானால் ‘அஹோராத்ரம்’ என்ற விளக்கம் பயனற்றதா? இல்லை. ஒவ்வொரு மணி நேரத்தையும் பகலிரவு முழுவதின் சாரமாக எண்ணி, அதை வீணாக்காமல் வாழ அது துணைபுரியும். சிந்தனைக்கு உதவும் விளக்கம் வேறு, வரலாறு வேறு. அறியாமல் ஒன்றை மற்றொன்றாகக் கூறுவது பிழை; அறிந்த பின்னும் பெருமைக்காக அவ்வாறு கூறுவது அசத்தியம்.

‘எனது’ என்ற பற்று வீட்டிலும் செல்வத்திலும் மட்டும் இருப்பதில்லை. அவற்றைத் துறந்தவனிடத்திலும், ‘எங்கள் முன்னோரது’, ‘எங்கள் நாட்டினது’ என்ற நுட்பமான வடிவில் அது தங்கிவிடக்கூடும். முன்னோரை உண்மையாகப் போற்றுபவன், அவர்கள் பிறருக்குக் கற்பித்ததைப்போலவே பிறரிடம் கற்றதையும் மறைக்க மாட்டான். வராஹமிஹிரர் அதை மறைக்கவில்லை.