மலை பழி வாங்குமா?



2024-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயலின் மழை விடாமல் கொட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இடிந்து, மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர்களில் ஐவர் சிறுபிள்ளைகள். அதற்குப் பின் திண்ணையிலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு ஒன்று உண்டு: “மனுஷன் இயற்கையை அழித்தான், இயற்கை பழி வாங்கிவிட்டது.” பக்தியுள்ளவர்களும் இப்படிச் சொல்லுகிறார்கள், படித்தவர்களும் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள்.

பழி வாங்குகிறவன் யார்? தனக்குத் தீங்கு செய்தவன் இன்னான் என்று அறிந்து, அதை மனதில் வைத்து, அவனைத் தேடிப்போய் அடிக்கிறவன். அறிவும் சித்தமும் இல்லாத இடத்தில் பழி ஏது? மழைநீர் பாறைகளுக்கு நடுவேயுள்ள மண்ணில் ஊறுகிறது; ஊறிய மண் பிடி விடுகிறது; பிடி விட்ட பாறை பள்ளத்தை நோக்கி உருளுகிறது. இதில் கோபம் எங்கே இருக்கிறது? பழியென்றே வைத்துக்கொண்டாலும், அது எப்பேர்ப்பட்ட பழி! நிலக்கரியையும் எண்ணெயையும் கணக்கின்றி எரித்து உலகத்தைச் சூடேற்றியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். சூடேறிய காற்று அதிக நீராவியைச் சுமக்கும், ஆகையால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அந்தக் குற்றத்தில் வ.உ.சி. நகர்ப் பிள்ளைகள் ஐவருடைய பங்கு எவ்வளவு? ஊர்ச் சண்டையில் பழி தீர்க்கிற பாவிகூட ஆள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வான்.

தமிழில் “பழி” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பழி வாங்குகிறோம், பழி போடவும் போடுகிறோம். இயற்கை பழி வாங்கிவிட்டது என்று பெருமூச்சு விடும்போது நாம் உண்மையில் செய்வது இரண்டாவதைத்தான். மலைமேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

உயிருள்ள மிருகத்தின் விஷயமாவது வேறோ? 2021-ல் நீலகிரியில், கூடலூர், மசினகுடிப் பக்கத்தில், டி-23 என்று பெயரிட்ட ஆண் புலி ஒன்று நான்கு பேரைக் கொன்றது என்று சொல்லி, அதைச் சுட வேண்டுமென்று ஜனங்கள் மறியல் செய்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் பிணத்தைப் பார்த்தவன் வேறென்ன கேட்பான்? அக்டோபர் 1-ந் தேதி வேட்டைக்கு உத்தரவு பிறந்தது. உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர்நீதிமன்றம். அக்டோபர் 15-ந் தேதி மயக்க ஊசி போட்டு, உயிரோடு பிடித்து, மைசூருக்குக் கொண்டுபோனார்கள்.

உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோது மிருகத்தைக் கொல்வது பாவமல்ல. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும், பிடிக்க முடியாதென்று தெரிந்த பிறகே கொல்ல இடந்தருகிறது. ஆனால் காவலுக்காகச் சுடுவதும், “நம் ஆளைக் கொன்றதற்குப் பதில்” என்று சுடுவதும் ஒன்றல்ல. துப்பாக்கி ஒன்றுதான், கருத்து வேறு. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தண்டனையைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்பது இந்தக் கருத்தைத்தான்: தண்டிக்கிறவன் எதை நாடுகிறான், நன்மையையா, அடுத்தவன் படும் வேதனையையா? புலிக்கோ நன்மை தின்மை தெரியாது. அதைத் தண்டிப்பதற்கு அர்த்தமேயில்லை. 1386-ல் பிரான்சு தேசத்துப் பலேஸ் நகரில், ஒரு குழந்தையைக் கொன்றதற்காகப் பெண்பன்றி ஒன்றை விசாரித்துத் தூக்கிலே போட்டார்கள். இன்று சிரிக்கிறோம். பழிக்குப் பழியாகப் புலியைச் சுடு என்கிறவன் அந்த நீதிபதிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்?

யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில் மோயீசன் கொடுத்த சட்டம் ஒன்று இருக்கிறது. பூசையில் அதிகம் வாசிக்கப்படாத பகுதி. மாடு ஒருவனை முட்டிக் கொன்றுபோட்டால் மாடு சாகவேண்டும், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்னமே அவனுக்குச் சொல்லியிருந்தும் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அவனும் அந்தச் சாவுக்கு உத்தரவாதி. எவ்வளவு கூர்மையான சட்டம் பாருங்கள்! கொம்பைப் பார்ப்பதோடு அது நிற்கவில்லை. யாருக்கு எச்சரிக்கை வந்தது, அவன் என்ன செய்தான் என்றும் கேட்கிறது.

அப்படியே நாமும் கேட்போம். முதுமலைக் காட்டில் மான் மேயும் புல்லை அமுக்கிப் படர்ந்திருக்கும் உண்ணிச்செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளைக்காரர் அழகுக்காகக் கொண்டுவந்த பூச்செடி. புலி கொண்டுவரவில்லை. 2011-ல் மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி அறிக்கை கொடுத்து, வயநாட்டின் வைத்திரி தாலுகாவை மிகக் கவனமாய்க் காக்கவேண்டிய இடங்களில் சேர்த்தது. கேட்டவர் குறைவு. 2024 ஜூலை 30-ந் தேதி பொழுது விடியுமுன் அதே தாலுகாவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. மாண்டவர் இருநூறுக்கும் மேல். மாடு முட்டும் என்று முன்னமே சொல்லியிருந்தது.

பாப்பரசர் பிரான்சீஸ், கடவுள் எப்போதும் மன்னிக்கிறார், இயற்கை ஒருபோதும் மன்னிப்பதில்லை என்று பலமுறை சொன்னாரே என்று சிலர் கேட்கலாம். மன்னிக்காததெல்லாம் பழி வாங்குவதாகுமா? நெருப்பு சுடுகிறது, அது நம்மைப் பகைப்பதில்லை.

சொன்னதைக் கேட்டதும் உண்டு. நம் இந்துச் சகோதரர்கள் தெய்வமாகவே வணங்கும் மலை அது; ஆயினும் அந்த வருஷம் டிசம்பர் 13-ந் தேதி கார்த்திகைத் தீபத்துக்கு, மண் இளகியிருக்கிறது என்ற நிபுணர் சொல்லுக்கு இணங்கி, பக்தர்களை மலையேற விடவில்லை. தீபம் எரிந்தது, ஜனங்கள் கீழே நின்று கும்பிட்டார்கள்.

மலைச்சரிவில் குடியிருப்பவர் பெரும்பாலும் வேறிடம் வாங்க வழியில்லாத ஏழைகள். அங்கே ஏன் கட்டினாய் என்று அவர்களைக் கேட்பது சுலபம். வேங்கிக்காலில் இருக்கிற நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் ஏரி நிரம்பினால் கோடி எந்தப் பக்கம் போகும்? அந்தத் தண்ணீர் போகிற கால்வாய் இன்று எந்தெந்த வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு, எந்தெந்த மனையின் அடியில் ஓடுகிறது? மனை வாங்குமுன் பத்திரத்தையும் வாஸ்துவையும் பார்க்கிறோம். ஏரிப்பாசன நிலம் உழுத பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய வாய்க்கால் அவர்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்தபின், வாலிபர்களே, அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை ஏரிக்கரைமேல் நடந்து பார்த்து வாருங்கள்.